தடுத்த பாட்டையெல்லாம் பாடி முடித்தவர்: கலீனா விஷ்னெவ்ஸ்கயா

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரே ஒருவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கலீனா விஷ்னெவ்ஸ்கயா. ரஷ்ய ஓபெரா, அதாவது முழுக்கப் பாடியே நடிக்கும் இசைநாடகம், என்றதும் பலருக்குப் பாடகர் ஷல்யாபின் பெயர்தான் நினைவுக்கு வரும். கலீனாவின் பெயர் வந்தாலும், "செல்லோ என்ற தந்திவாத்திய மேதை ரோஸ்ட்ரோபோவிச்சின் மனைவி" என்ற ஒட்டுடன்தான் வரும். எனக்கு அது ஆற்றாமையாக இருக்கிறது. ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சும் ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனும் இந்தப் பெண்ணின் குரலை மனத்தில் வைத்துக்கொண்டு இசை எழுதினார்கள். அந்தக் குரலைப் பாடவிடாமல் தடுத்ததோ அவருடைய சொந்த நாடு. தடுத்த பாட்டையெல்லாம் அவர் எங்கே, எப்படிப் பாடி முடித்தார் என்பதுதான் இந்த வீடியோ.

1926-ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று லெனின்கிராடில் பிறந்தார். பெற்றோர் பிரிந்துவிட, கிரான்ஸ்டாட் தீவில் பாட்டியிடம் வளர்ந்தார். சிறுமியாக இருந்தபோது அம்மா ஒரு கிராமபோனும், சைக்கோவ்ஸ்கியின் 'யூஜின் ஒனேகின்' ஓபெரா இசைத்தட்டுகளும் வாங்கித் தந்தார். அதைக் கேட்டுக் கேட்டுப் பித்துப் பிடித்தவர்போல் ஆகிவிட்டார். இந்த ஒனேகினை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

1941 செப்டம்பரில் ஜெர்மானியப் படைகள் லெனின்கிராடை முற்றுகையிட்டன. கலீனாவுக்கு அப்போது பதினைந்து வயதுகூட நிறையவில்லை. அந்தக் குளிர்காலத்தின் மிக மோசமான வாரங்களில், வேலைக்குப் போகாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு நாளைக்குக் கிடைத்த ரொட்டி 125 கிராம். பாட்டி இறந்துபோனார். சிறுமி தனியாக வீட்டில் கிடந்தாள். 1942-இல், வீடு வீடாக ஏறி இறங்கி இறந்தவர்களைத் தேடிக்கொண்டிருந்த பெண்கள் சிலர் உள்ளே வந்து, இவள் உயிரோடு இருப்பதைக் கண்டு அழைத்துப் போனார்கள். பெண்களே அடங்கிய வான் பாதுகாப்புப் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கேதான் மாலுமிகளின் ஜாஸ் குழுவோடு பாடவும் ஆரம்பித்தார்.

அதன் பிறகு ஊர் ஊராகச் சுற்றும் ஆப்பரெட்டா, அதாவது எளிய இசைநாடக, குழு. பதினேழு வயதில் ஒரு கடற்படைக்காரருடன் திருமணம். சில வாரங்களிலேயே பிரிவு. விஷ்னெவ்ஸ்கயா என்ற பெயர் மட்டும் அங்கிருந்து தங்கிவிட்டது. அடுத்த திருமணத்தில் ஓர் ஆண் குழந்தை. சில மாதங்களே வாழ்ந்தது. பின்னர் காசநோய். நுரையீரலைச் சுருக்கி வைக்கும் சிகிச்சை செய்யவேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அதைச் செய்துகொண்டால் உயிர் பிழைக்கலாம், ஆனால் பாடவே முடியாது. சிகிச்சை மேஜை வரைக்கும் போய், வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டார். அப்போது கிடைப்பதற்கு அரிதாயிருந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிமருந்தைக் கள்ளச்சந்தையில் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் குணமானார்.

அவர் இசைக்கல்லூரியில் முறையாகப் படித்துப் பாடகியானவர் அல்ல. லெனின்கிராடில் வேரா கரினா என்ற மூதாட்டியிடம் தனியாகப் பாடம் கேட்டார். கலீனாவின் மேல்ஸ்தாயி அடைபட்டுக் கிடப்பதைக் கண்டுபிடித்து, மூச்சைச் சீராக்கி, அதைத் திறந்துவிட்டவர் கரினாதான். கலீனா கடைசிவரைக்கும் குரு என்று சொன்னது அவர் ஒருவரைத்தான். 1952-இல் மாஸ்கோ பொல்ஷோய் அரங்கம் இளம் பாடகர்களைத் தேடிக் குரல் தேர்வு நடத்தியபோது, 'ஐதா' ஓபெராவின் மூன்றாம் அங்கத்தில், தாய்நாட்டை இனிக் காணமாட்டேன் என்று நாயகி கலங்குகிற அந்தப் பாட்டைப் பாடினார். எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே ஒனேகினில் நாயகி தத்யானா. கிராமபோனில் கேட்டு வளர்ந்த அதே பாத்திரம்!

1955-இல் பிராக் நகர இசைவிழாவுக்குப் போனவர், நான்கே நாள் பழக்கத்தில் ரோஸ்ட்ரோபோவிச்சை மணந்துகொண்டார். அந்தக் கதையைச் சொல்ல இணையத்தில் ஏராளமானவர்கள் இருக்கிறார்கள். நான் கோவன்ட்ரிக்குப் போகிறேன்.

இங்கிலாந்தின் கோவன்ட்ரி பேராலயம் 1940 நவம்பரில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அழிந்தது. புதிதாகக் கட்டிய ஆலயத்தின் திறப்பையொட்டி பெஞ்சமின் பிரிட்டன் 'போர்க்கால இரங்கலிசை' என்ற பெரும் படைப்பை எழுதினார். இறந்தோருக்கான லத்தீன் பிரார்த்தனையும், முதல் உலகப் போரில் மடிந்த கவிஞர் வில்ஃபிரட் ஓவனின் ஆங்கிலக் கவிதைகளும் அதில் மாறி மாறி வரும். மூன்று தனிக்குரல்கள்: இங்கிலாந்திலிருந்து பீட்டர் பியர்ஸ், ஜெர்மனியிலிருந்து டீட்ரிச் ஃபிஷர் டீஸ்காவ், ரஷ்யாவிலிருந்து கலீனா. ஒன்றையொன்று கொன்று தீர்த்த நாடுகள் ஒரே மேடையில். 1961-இல் ஆல்ட்பரோ விழாவில் கலீனா பாடியதைக் கேட்ட பிறகே அந்த சோப்ரானோ (உச்சஸ்தாயிப் பெண்குரல்) பகுதியை அவருக்கென்று எழுதினார் பெஞ்சமின்.

சோவியத் கலாசார அமைச்சகம் அனுமதி மறுத்தது. ஒரு சோவியத் பெண் ஓர் ஆங்கிலேயரோடும் ஒரு ஜெர்மானியரோடும் நின்று அரசியல் சார்ந்த ஒன்றைப் பாடுவதா என்பது அவர்கள் கேள்வி. முற்றுகையில் பாட்டியைப் பறிகொடுத்த பெண்ணைப் பார்த்து இப்படிக் கேட்க எப்படி மனம் வந்தது? 1962 மே 30 அன்று நடந்த அரங்கேற்றத்தில் ஹெதர் ஹார்ப்பர் என்ற பாடகி, பத்தே நாள் அவகாசத்தில் கற்றுக்கொண்டு பாடினார். அவருக்கும் நம் வணக்கம் உரித்தாகட்டும்.

1963 ஜனவரியில் லண்டன் கிங்ஸ்வே மண்டபத்தில் டெக்கா நிறுவனம் இசைத்தட்டுப் பதிவு வைத்தபோது கலீனா போக அனுமதி கொடுத்தார்கள். வந்த இடத்திலும் சிக்கல். சோப்ரானோ பாடுவது லத்தீன் பகுதியை மட்டுமே. அதனால் கோரஸோடு சேர்ந்து நிற்கவேண்டும். ஆண்கள் இருவரும் முன்னால், நடத்துனருக்குப் பக்கத்தில். தன்னை மட்டும் பின்னால் தள்ளி அவமதிக்கிறார்கள் என்று நினைத்த கலீனா, தரையில் படுத்துக்கொண்டு கத்தித் தீர்த்துவிட்டார். ஆங்கிலம் தெரியாது, யாரும் விளக்கியும் பயனில்லை. நம்புங்கள், மறுநாள் வந்து பாடியதுதான் இன்று நாம் கேட்கும் பதிவு!

அதில் 'லீபெர் ஸ்க்ரிப்துஸ்' என்ற இடத்தைக் கேளுங்கள். இறுதித் தீர்ப்பு நாளில் எல்லாப் பாவங்களும் எழுதப்பட்ட புத்தகத்தைக் கொண்டுவருகிறார்கள் என்பது பொருள். சுரங்கள் படிப்படியாக ஏறாது. தாவித் தாவி விழும். ஒவ்வொரு சுரத்தையும் ஆணி அறைந்ததுபோல் வைக்கிறார். சாரீரம் தேனாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இந்தக் குரல் பிடிக்காமல் போகலாம். விளிம்பில் ஓர் உலோகக் கூர்மை உண்டு, அசைவும் உண்டு. ஆனால் சற்றுப் பிந்தி 'லாக்ரிமோசா' என்ற கண்ணீர்ப் பகுதி வரும்போது, அதே குரல் விம்மலாக உடைந்து வருகிறது. அப்போது புரியும், பெஞ்சமினுக்கு ஏன் வேறு யாரும் வேண்டாம் என்று தோன்றியது என்பது. வந்த ஐந்தே மாதங்களில் 2,00,000 பிரதிகள் விற்றன. இந்த வகை இசைக்கு அது கேள்விப்படாத விற்பனை.

இதற்கிடையில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன், லண்டன் கோவன்ட் கார்டன், மிலான் லா ஸ்காலா என்று பெரிய அரங்குகளெல்லாம் அவரைப் பார்த்துவிட்டன. ஷோஸ்தகோவிச் அவருக்காகத் தொடர்ந்து எழுதினார். அதில் 1967-இல் ரஷ்யக் கவிஞர் பிளோக்கின் கவிதைகளுக்கு அமைத்த ஏழு பாடல்களை நான் விடமாட்டேன். முதல் பாட்டில் குரலும் செல்லோவும் மட்டும்தான். கணவனும் மனைவியும் தனியே பேசிக்கொள்வதை நாம் ஒட்டுக்கேட்பதுபோல இருக்கும்.

1969-இல், சோவியத் அரசின் கோபத்துக்கு ஆளான எழுத்தாளர் சோல்செனித்சின் தங்க இடமின்றி, உடல்நலமும் குன்றித் தவித்தபோது, மாஸ்கோவுக்கு வெளியே ஜுகோவ்கா கிராமத்தில் இருந்த தங்கள் வீட்டு வளாகத்தில் இடம் கொடுத்தார்கள் இந்தத் தம்பதி. அடுத்த ஆண்டு ரோஸ்ட்ரோபோவிச் அவருக்கு ஆதரவாகப் பத்திரிகைகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் அனுப்பினார். சோவியத் பத்திரிகை எதுவும் அதை வெளியிடவில்லை, வெளிநாடுகளில் வெளிவந்தது. கச்சேரிகள் ரத்தாகின, வெளிநாட்டுப் பயணங்கள் நின்றன. 1974 மார்ச்சில் புச்சினியின் 'டோஸ்கா' ஓபெராவை மாஸ்கோவில் பதிவுசெய்துகொண்டிருந்தார் கலீனா, நடத்துனர் கணவர். முதல் அங்கம் முடிந்திருந்தது. மேலிடத்து உத்தரவு வந்து பதிவை நிறுத்திவிட்டார்கள். அத்தனை நெருக்கடிகளையும் பொறுத்தவருக்கு இதைப் பொறுக்க முடியவில்லை. நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கேட்டு எழுதினார்கள். அந்தக் கோடையில் இரண்டு மகள்களோடு கிளம்பினார். நாற்பத்தேழு வயது. பாரிஸில் 1976-இல் அதே 'டோஸ்கா'வை, அதே நடத்துனரோடு, கடைசி அங்கம் வரைக்கும் பாடிப் பதிவுசெய்தார்.

1978 மார்ச்சில் குடியுரிமையையும் பறித்தார்கள். பாரிஸில் தொலைக்காட்சிச் செய்தி மூலம்தான் அவர்களுக்கே தெரிந்தது. அதே ஆண்டு லண்டனில் அவர் செய்த பதிவுதான் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே. ஷோஸ்தகோவிச்சின் 'மித்சென்ஸ்க் மாவட்டத்து லேடி மாக்பெத்'. 1936 ஜனவரியில் கம்யூனிஸ்ட் கட்சியின் பிராவ்தா நாளிதழ் தாக்கி எழுதி மேடையிலிருந்து விரட்டிய ஓபெரா அது. பல ஆண்டுகள் கழித்து 'கத்தரீனா இஸ்மாயிலவா' என்ற பெயரில் திருத்தி எழுதித்தான் மீண்டும் மேடையேறியது. 1966-இல் வந்த அதன் திரைப்படத்தில் நாயகி கத்தரீனாவாகக் கலீனாதான் நடித்தார், பாடினார். ஆனால் 1978-இல் பாடியது திருத்தாத மூல வடிவம். ஷோஸ்தகோவிச் இறந்து கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் கேட்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு.

1982-இல் பாரிஸ் ஓபெராவில் மேடைக்கு விடைகொடுத்தார். பாத்திரம் தத்யானாதான். 1990-இல் குடியுரிமையைத் திருப்பித் தந்தார்கள். மாஸ்கோவில் 2002-இல் இளம் பாடகர்களுக்காகத் தன் பெயரில் ஓபெரா மையம் தொடங்கினார். 2012 டிசம்பர் 11 அன்று மறைந்தார்.

புதிதாகக் கேட்கப்போகிறவர்கள் 1963 பதிவில் தொடங்குங்கள். 'லேடி மாக்பெத்'தைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதன் கடைசி அங்கத்தில், சைபீரியாவுக்கு நடத்திச் செல்லப்படும் கைதிகள் நடுவே கத்தரீனா, அடர்ந்த காட்டுக்குள் இருக்கும் கறுத்த ஏரியைப் பற்றிப் பாடுவாள். குரலில் வயது தெரிகிறது, மேல்சுரம் கரகரக்கிறது என்று குறைசொல்லும் விமர்சகர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கரகரப்பு வேண்டும். கேட்டுவிட்டு நீங்கள் எந்தப் பக்கம் என்று கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படித்துப் பதில் எழுதுகிறேன்.