வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்களா?

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்து நிலப் பிரச்சினை என்று வருகிறவர்களிடம், "கடைசியா எப்போ வில்லங்கம் போட்டுப் பார்த்தீங்க?" என்று கேட்பேன். வில்லங்கம் என்றால், ஒரு நிலத்தின்மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றையும் காட்டும் பதிவுத்துறைப் பட்டியல். "நம்ம நிலத்துக்கு நாமே எதுக்கு சார் போடணும்?" என்பார்கள். மாந்தோப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். பிள்ளைகள் பெங்களூரில். ஓசூர் வட்டாரத்தில் விலை ஏறியதிலிருந்து மோசடிக்காரன் தேடி அலைவதே இப்படிக் கேட்பாரற்ற சர்வே எண்ணைத்தான். யாரோ ஒருவரை உரிமையாளர் என்று நிறுத்திப் பவர், அதாவது அவர் சார்பில் நிலத்தை விற்கும் அதிகாரப் பத்திரம், எழுதி வாங்குவான். அதை வைத்து ஒரு கிரயம், அதன்மேல் இன்னொரு கிரயம். மூன்றாவது கைக்குப் போகும்போது அந்தப் பத்திரம் உங்களுடையதைவிடக் களையாக இருக்கும்!

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஆள்மாறாட்டத்துக்கு 7 ஆண்டுவரை சிறை உண்டு. பத்திரத்தை ரத்து செய்யத்தான் சிவில் கோர்ட்டில் ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டும். அதற்காகவே தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 2022 ஆகஸ்ட் 16 முதல் நடைமுறைக்கு வந்தது. போலிப் பத்திரத்தைப் பதிய மறுக்க 22-பி பிரிவு, பதிந்துவிட்டால் மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய 77-ஏ பிரிவு. இந்த 77-ஏ செல்லாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்டவர்களை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். ஆனால் சாட்சி, குறுக்கு விசாரணை எதுவும் முழுதாக இல்லாமல் ஓர் அதிகாரி பத்திரத்தை ரத்து செய்வதென்றால், நாளைக்கு உங்கள் நல்ல பத்திரமும் அதே மேசைக்குப் போகலாமே.

ஆகவே பதிவுக்கு முன்பே தடுப்பதுதான் வழி என்பேன். மூலப்பத்திரத்தை, அதாவது விற்பவருக்கு நிலம் வந்த முந்தைய பத்திரத்தை, காட்டச் சொன்ன தமிழ்நாடு பதிவு விதி 55-ஏ அப்படி ஒரு முயற்சி. சார்பதிவாளர் விற்பவரின் உரிமையைத் தீர்மானிக்க முடியாது, சட்டத்தில் இல்லாத அதிகாரத்தை விதி தர முடியாது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதையும் நீக்கியது. அதே மாதம், அசல் மூலப்பத்திரத்தைச் சட்டத்திலேயே கட்டாயமாக்கும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. விதியில் நிற்காததைச் சட்டத்தில் எழுதுவது சரியான வேலை. மூலப்பத்திரம் தொலைந்த ஏழை விவசாயியைத் தரகர் கையில் தள்ளாமல் அதை நடத்த வேண்டும், அவ்வளவுதான் என் கவலை.

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தைப் பார்வையிடக் கட்டணம் இல்லை. மாங்காய் சீசன் முடிந்த கையோடு ஆண்டுக்கொரு முறை பாருங்கள். தெரியாத பெயர் ஏதாவது இருந்தால் ஆவண எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு நகல் மனு போடுங்கள். ரத்து கேட்டு வழக்குப் போட, விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் கெடு.