திருநெல்வேலில வாடகைக்கு விட வீடு வாங்கப் போறீங்களா? குடியிருக்கப் போறவங்க கண்ணால பாருங்க

[திரையில்: பாளையங்கோட்டைத் தெரு ஒண்ணு, வரிசையா வீடுகள், ஒரு கேட்ல டு லெட் போர்டு]

வணக்கம் மக்களே. ஒரு வீட்டை வாங்கிப் போட்டுட்டா மாசம் பொறந்தா வாடகை வந்துரும்லா அண்ணாச்சி, அப்புறம் என்ன கவலைன்னு நம்ம ஊர்ல நிறைய பேரு என்கிட்ட கேக்காங்க. ரெண்டு மூணு வீடு வாங்கி வாடகைக்கு விட்டுட்டு இருக்கிற ஆள்ங்கிற முறையில எனக்குத் தெரிஞ்சதை இந்த வீடியோல சொல்லுதேன், பெரிய பில்டருக்கான விஷயம் இல்ல, கையில கொஞ்சம் சேமிப்பு, கொஞ்சம் லோன், இப்படி வாங்குறவங்களுக்கானது.

மொதல்ல கணக்கு. ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். பெருமாள்புரம் பக்கமோ கேடிசி நகர் பக்கமோ 40 லட்சத்துக்கு ஒரு வீடு பேசி முடிக்கீங்கன்னு வைங்க. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் (2023 ஏப்ரலுக்கு முன்னாடி இது 4 சதவீதமா இருந்துச்சு), பத்திரம் எழுதுற செலவு, வக்கீல் பீஸ் எல்லாம் சேத்தா கிட்டத்தட்ட 44 லட்சம் வந்து நிக்கும். வாடகை 11,000 வருதுன்னு வச்சுக்கிட்டா வருஷத்துக்கு 1,32,000. அதுல ஒரு மாசம் வீடு காலியா கெடக்கும்னு கழிங்க, வீட்டு வரி, வெள்ளையடிக்கிற செலவு, மோட்டார் ரிப்பேர், அது இதுன்னு ஒரு 21,000 கழிங்க, கையில நிக்கிறது ஒரு லட்சம். 44 லட்சத்துக்கு ஒரு லட்சம்னா கிட்டத்தட்ட ரெண்டே கால் சதவீதம்தான், பேங்க்ல எஃப்டி போட்டாலே இதைவிட ரெண்டு மடங்குக்கு மேல வரும். 30 லட்சம் லோன் போட்டு வாங்கினா எட்டரை சதவீத வட்டிக்கு 20 வருஷத்துக்கு இஎம்ஐ 26,000 ரூபா, வாடகை 11,000, மிச்சம் 15,000 ஒவ்வொரு மாசமும் உங்க சம்பளத்துல இருந்துதான் போகணும்.

[திரையில்: மேலே சொன்ன கணக்கு, ஒவ்வொரு வரியா]

இதைச் சொன்னா பயமுறுத்துறேன்னு நினைக்காதீங்க. மண்ணோட விலை ஏறும், அது வேற கதை, அது உங்க கையில இல்ல. உங்க கையில இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, வீடு பூட்டிக் கெடக்கக் கூடாது. அந்த ஒரு லட்சத்துல பாருங்க, வருஷத்துக்கு இன்னும் ஒரு மாசம் கூடுதலா காலியா கெடந்தா 11,000 போச்சு, பத்துல ஒரு பங்குக்கு மேல. அதனாலதான் நான் திருப்பித் திருப்பிச் சொல்லுதேன், வாங்கும்போது ஓனர் கண்ணால பாக்காதீங்க, குடியிருக்கப் போறவங்க கண்ணால பாருங்க. ஓனருக்கு தேக்குக் கதவு கண்ணுல படும், கிரானைட் படும், பூஜை ரூம் படும். குடி வர்ற அக்கா மொதல்ல அடுக்களைக் குழாயைத்தான் திறந்து பாப்பாங்க.

தண்ணியில இருந்தே ஆரம்பிப்போம். தாமிரபரணி ஓடுற ஊருதான், ஆனா எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரி தண்ணி வர்றதில்ல. புரோக்கர் சாயங்காலம் கூட்டிட்டுப் போவாரு, வெயில் தாழ்ந்திருக்கும், வீடு அழகா இருக்கும். நீங்க கார்ப்பரேஷன் தண்ணி வர்ற நேரம் எதுன்னு பக்கத்து வீட்டுல கேட்டு அந்த நேரத்துக்குத் தனியா ஒரு தடவை போங்க. குடத்துல எவ்வளவு வேகமா விழுதுன்னு பாருங்க, போர் தண்ணியைக் கொஞ்சம் வாயில ஊத்திப் பாருங்க. உப்பா இருந்தா பாத்ரூம் குழாய் வாயில வெள்ளையா பொருக்குத் தட்டிப் போயிருக்கும், ஷவர் ஓட்டை பாதி அடைச்சிருக்கும், சுவத்து அடியில பெயிண்ட் உரிஞ்சு நிக்கும். அந்த வீட்டை வாங்கவே கூடாதுன்னு இல்ல, ஆனா விலையைக் குறைச்சுப் பேசணும், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா குழாய் மாத்துற செலவை இப்பவே கணக்குல வைக்கணும்.

அடுத்தது வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறக்காது. ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம்னு ஆத்தை ஒட்டின இடமெல்லாம் தண்ணி. பெரியவங்ககிட்ட கேட்டா 1992 வெள்ளத்தைச் சொல்லுவாங்க. இப்ப அந்தப் பக்கத்து வீடுங்க எல்லாம் புதுப் பெயிண்ட்ல பளபளன்னு நிக்கும், விக்கிறவங்க தானா வந்து சொல்ல மாட்டாங்க. நீங்க பாக்க வேண்டியது இதுதான்: சுவத்துல முழங்கால் உயரத்துக்கோ இடுப்பு உயரத்துக்கோ ஒரே மட்டத்துல பெயிண்ட் லேசா உப்பி இருக்கா, பிளக் பாயிண்டை மட்டும் புதுசா மேல ஏத்தி வச்சிருக்காங்களா, மரக்கதவோட அடிப்பாகம் ஊறிப் பிரிஞ்சிருக்கா, கதவுக்குப் பின்னாடி பெயிண்ட் அடிக்காம விட்ட மூலையில பழுப்பா ஒரு கோடு ஓடுதா. அப்புறம் எதிர்த்த வீட்டு ஆச்சிகிட்ட, ஆச்சி அன்னைக்கு தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு கேளுங்க, இந்தா இந்தப் படி வரைக்கும்யான்னு கையை வச்சே காட்டுவாங்க. அதைவிட நல்ல சர்வே ரிப்போர்ட் எந்த இன்ஜினியராலயும் தர முடியாது. ஆத்தங்கரை மட்டும்தான் ஆபத்துன்னும் நினைக்க வேண்டாம், நம்ம ஊரைச் சுத்திக் குளமும் கால்வாயும்தான், புது பஸ் ஸ்டாண்டுக்கே வேய்ந்தான்குளம்னுதானே பேரு. பிளாட் போட்ட இடத்துல முன்னாடி ஓடை போச்சா, நஞ்சையா கெடந்துச்சான்னு புல வரைபடத்தையும் (நிலத்தோட சர்வே வரைபடம்) பழைய ஆட்களையும் ரெண்டையும் வச்சுப் பாத்துருங்க.

பத்திரம் பத்தி நிறைய வீடியோ இருக்கு, நான் ரெண்டு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்லுதேன். ஒண்ணு, அப்ரூவல் இல்லாத மனை. 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி பதிவான மனைகளைத்தான் வரன்முறைப்படுத்துறதுக்கு அரசு வழி விட்டுச்சு, அதுக்கப்புறம் போட்ட அப்ரூவல் இல்லாத பிளாட்ல கட்டின வீடுன்னா விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் தொடாதீங்க, லோன் கிடைக்காது, நாளைக்கு விக்கிறதும் கஷ்டம். ரெண்டாவது, அக்கா தங்கச்சி கையெழுத்து. நம்ம பக்கம் இது பெரிய விஷயம். அப்பா பேர்ல இருந்த வீட்டை அண்ணன் தம்பி சேந்து விப்பாங்க, தங்கச்சி மும்பையில இருக்கா, அவளுக்குத்தான் கல்யாணத்துல நகை சீர் எல்லாம் செஞ்சாச்சேம்பாங்க. செஞ்சது அவங்க பாசம், ஆனா சட்டப்படி அந்தப் பொண்ணோட பங்கு அப்படியேதான் இருக்கு. பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் சம பங்குன்னு தமிழ்நாட்டுல 1989லயே சட்டம் மாறியாச்சு, 2005ல நாடு முழுக்க வந்துச்சு, 2020ல சுப்ரீம் கோர்ட்டும் தெளிவா சொல்லிட்டு. அந்தப் பொண்ணு நேர்ல வந்து விக்கிறவங்கள்ல ஒருத்தரா கையெழுத்துப் போடணும், இல்லன்னா தன் பங்கை விட்டுக் குடுக்கிற விடுதலைப் பத்திரம் பதிஞ்சு குடுக்கணும். வாரிசு சான்றிதழ்ல எத்தனை பேரோ பத்திரத்துல அத்தனை பேர். வில்லங்கம் (சொத்து மேல பதிவான பத்திரம், அடமானம் விவரம்) பாக்கிறது குறைஞ்சது 30 வருஷத்துக்குப் பாருங்க, பதிவுத்துறை சைட்லயே பாக்கலாம்.

[திரையில்: மாடிப் படிக்கட்டு, தட்டட்டி (மொட்டை மாடி), தண்ணி டேங்க்]

புதுசா வீடு வாங்குறதுக்கு முன்னாடி இன்னொண்ணு யோசிங்க. உங்களுக்கு ஏற்கனவே சொந்த வீடு இருந்து, அஸ்திவாரமும் பில்லரும் தாங்கும்னு இன்ஜினியர் பாத்துச் சொன்னா, தட்டட்டி மேல மாடி வீடு எடுத்து வாடகைக்கு விடுறது எவ்வளவோ மேல். உதாரணத்துக்கு 22 லட்சத்துல மாடி எடுத்து 9,000 வாடகை வந்தா வருஷத்துக்கு 1,08,000, செலவு கழிக்காமப் பாத்தா 5 சதவீதத்துக்குப் பக்கம் வந்துரும், ஏன்னா மண்ணுக்குக் காசு போடலைல்லா. படிக்கட்டை வெளிய வைங்க, தனி வாசல், தனி கரண்ட் மீட்டர் வாங்குங்க. ஒரே மீட்டர்ல ரெண்டு குடும்பம் ஓட்டினா யூனிட் கூடி ஸ்லாப் ஏறி ரேட்டும் கூடிரும், ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா பில்லு வரும்போதெல்லாம் உங்களுக்கும் அவங்களுக்கும் மனஸ்தாபம்தான்.

சரி, வீடு கையில வந்தாச்சு, யாருக்கு விடப் போறீங்க? இடத்தைப் பொறுத்து ஆள் மாறும். ஹைகிரவுண்டு மெடிக்கல் காலேஜ் பக்கம்னா டாக்டர், நர்ஸு, படிக்கிற பிள்ளைங்க. பாளையங்கோட்டை உள்ளன்னா பிள்ளைங்க ஸ்கூலுக்காக வர்ற குடும்பம், டிரான்ஸ்பர்ல வர்ற பேங்க்காரங்க. தச்சநல்லூர், தாழையூத்துன்னா கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு வேலைக்குப் போறவங்க. டவுன்ல பழைய வளவு வீடுன்னா (ஒரே வாசலுக்குள்ள வரிசையா இருக்கிற வீடுங்க) கடையில வேலை பாக்கிற குடும்பங்க, வாடகை கம்மிதான் ஆனா வருஷக் கணக்கா அசைய மாட்டாங்க. ஸ்கூல் பிள்ளை இருக்கிற குடும்பம் ஏப்ரல் மேலதான் வீடு தேடும். ஜூன் கடைசில காலியானா அடுத்து ஆடி வந்துரும், ஆடியில நம்ம ஊர்ல யாரு பால் காய்ச்சுவா, ஆவணி வரைக்கும் கெடக்கும். அதனால ஒப்பந்தம் முடியிற மாசத்தை ஏப்ரல், மேக்கு வர்ற மாதிரி எழுதுறது நல்லது, இதை யாரும் யோசிக்கிறதே இல்ல.

இங்க ஒரு விஷயம் மனசு வருத்தத்தோடதான் சொல்லணும். வீடு கேட்டு வர்றவங்ககிட்ட நம்ம ஊர்ல மொதக் கேள்வியே நீங்க என்ன ஆளுக, அதாவது என்ன ஜாதிங்கிறதுதான். தப்புங்க அது. பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து வாசல்ல நிக்கிற மனுஷனைக் கூனிக் குறுக வைக்கிற கேள்வி. கேக்க வேண்டியது வேலை எங்க, எத்தனை பேரு இருப்பீங்க, முன்னாடி இருந்த வீட்டு ஓனர் நம்பர் இருக்கா, ஏன் மாறுதீங்க, இவ்வளவுதான். அந்தப் பழைய ஓனருக்கு ஒரு போன் போட்டாப் பாதி விஷயம் தெரிஞ்சுரும்.

ஒத்திக்குக் கேட்டும் வருவாங்க, மொத்தமா அஞ்சு லட்சமோ ஏழு லட்சமோ வாங்கிக்கிட்டு வாடகை இல்லாம விடுறது. அந்தக் காசு உங்களுக்கு வருமானம் இல்ல, கடன். போகும்போது முழுசா எடுத்து வைக்கணும். அதைச் செலவழிச்சுட்டு அடுத்த ஒத்திக்காரர் வந்தாத்தான் இவருக்குக் குடுப்பேன்னு நிக்கிற வீடுங்க நிறைய இருக்கு. அதோட ஒத்தியை வெள்ளைத்தாள்ல எழுதிக்கிறதும் சரியில்ல, முறைப்படி அடமானப் பத்திரமா பதியணும்.

வாடகைக்குன்னா 2019 பிப்ரவரில இருந்து நம்ம மாநிலத்துல புதுச் சட்டம் நடைமுறையில இருக்கு. எழுத்துல ஒப்பந்தம் போடணும், அதை 90 நாளுக்குள்ள வாடகை அதிகாரிகிட்ட ஆன்லைன்ல பதியணும். அட்வான்ஸ் வேற மாதிரி பேசிக்கிடலைன்னா மூணு மாச வாடகைதான். வாடகை தரலைன்னு கரண்டைப் புடுங்குறது, தண்ணியை அடைக்கிறது எல்லாம் செய்யவே கூடாது, வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போகணும், பதியாத ஒப்பந்தத்தை வச்சுக்கிட்டு அங்க போய் நின்னா உங்களுக்குத்தான் சிரமம். பதிஞ்சுருங்க, பெரிய செலவு இல்ல.

வருமான வரியில வாடகையைக் காட்டணும். கார்ப்பரேஷனுக்கு நீங்க கட்டின வீட்டு வரியைக் கழிச்சுக்கிட்டு, மிச்சத்துல 30 சதவீதம் பராமரிப்புக்குன்னு அவங்களே விட்டுருவாங்க, பில்லு எதுவும் வேண்டாம். லோன் வட்டியும் கழியும், ஆனா புது வரி முறையில இருந்தீங்கன்னா வட்டியால வர்ற நஷ்டத்தைச் சம்பளத்துல கழிக்க முடியாது, லோன் போடுறதுக்கு முன்னாடியே ஆடிட்டர்கிட்ட உக்காந்து பேசிருங்க.

வாடகை ஏத்துறதைப் பத்திக் கேக்காங்க. நல்லா இருக்கிற குடும்பம், வருஷம் முழுக்க அஞ்சாம் தேதிக்குள்ள ஜிபேல போட்டுருதாங்க, வீட்டைக் கண்ணாடி மாதிரி வச்சிருக்காங்க, அவங்ககிட்ட மாசம் ஆயிரம் கூட்டிக் கேட்டு அவங்க வேற வீடு பாத்துட்டாங்கன்னு வைங்க. கூடுதலா வர வேண்டியது வருஷத்துக்கு 12,000. போனது ஒரு மாச வாடகை 11,000, மறுபடி வெள்ளையடிக்க ஒரு 15,000, புரோக்கர் கமிஷன் தனி. ஐநூறு ஐநூறா, முன்கூட்டியே சொல்லி, அவங்களும் சரின்னு சொன்ன அப்புறம் ஏத்துங்க. குழாய் ஒழுகுதுன்னு போன் வந்தா அன்னைக்கே பிளம்பரை அனுப்புங்க, நாளைக்குப் பாப்போம்னு சொல்ற ஓனரை விட்டுத்தான் ஆளுங்க போறாங்க.

காலி பண்ணும்போதும் அப்படித்தான். உள்ள வரும்போதே ஒவ்வொரு ரூமையும் மீட்டர் ரீடிங்கையும் போட்டோ எடுத்து ரெண்டு பேரு வாட்ஸப்லயும் வச்சுக்கிட்டா போகும்போது சண்டைக்கே வேலை இல்ல. ஆணி அடிச்ச ஓட்டைக்கெல்லாம் காசு பிடிக்காதீங்க, கரண்டு பில்லைக் கழிச்சுட்டு மிச்ச அட்வான்ஸைச் சாவி வாங்குற அன்னைக்கே கையில குடுத்துருங்க. நம்ம ஊர்ல ஆபீஸ்லயோ ஸ்கூல் வாசல்லயோ யாராவது வீடு தேடுதோம்னு சொன்னா, நாங்க இருந்த வீடு காலியாத்தான் இருக்கு, ஓனர் நல்ல மனுஷன், போய்ப் பாருங்கன்னு சொல்லி அனுப்புறது பெரும்பாலும் அந்தப் பழைய குடித்தனக்காரங்கதான்.