தூண்டில் கோலை முறிப்பது மீன் இல்லை, அதை வைக்கும் உங்கள் பைதான்!

வணக்கம்! "இவ்வளவு பெரிய கட்லா. இழுத்த இழுப்பில் கோலே முறிந்துவிட்டது." ஒகேனக்கல் போய்வந்தவர்கள் டீக்கடையில் அளக்கும் கதை இது. பாவம், அந்த மீன்மேல் வீண்பழி. எத்தனையோ கோல்கள் தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்பே கார் கதவிடுக்கிலும் பஸ் படியிலும் அரை உயிராகிவிடுகின்றன.

[திரையில்: கோலின் நுனி, மிக அருகில்]

இந்தக் கீறல் தெரிகிறதா? நகத்தால் தடவினால்தான் தட்டுப்படும். கார்பன் இழையால் செய்த கோல் வளைவதற்கு அஞ்சாது. பக்கவாட்டில் விழும் அடிக்குத்தான் அஞ்சும். இரும்பில் மோதிய இடத்தில் உள்ளே இழை நசுங்கிவிடும். அடுத்த முறை தூண்டில் நரம்பு இறுகும்போது அதே இடத்தில் பட்டென்று முறியும். நுனியில் நரம்பு ஓடும் பீங்கான் வளையமும் அப்படித்தான். அதில் விரிசல் விழுந்தால் நரம்பை அறுத்துக்கொண்டே இருக்கும்.

அதனால் கோலின் விலையைப் பார்த்து உறை வாங்காதீர்கள். எதில் ஏறிப் போகப் போகிறீர்கள் என்று பார்த்து வாங்குங்கள்.

சொந்தக் காரில் கிருஷ்ணகிரி அணை வரைக்கும் என்றால் பஞ்சு வைத்த துணிப்பை போதும். நரம்பு சுற்றும் ரீலைக் கழற்றாமலே வைக்கும் வகையும் வருகிறது; சோம்பேறிகளுக்கு வரம், நானும் அந்தக் கட்சிதான். பெங்களூரு போய் விமானம் ஏறுகிறவர்கள் நான்கு துண்டாகக் கழலும் 7 அடிக் கோலை வாங்குங்கள். ஒரு துண்டு சுமார் 55 செ.மீ. தான், சூட்கேஸுக்குள்ளேயே படுத்துவிடும்.

பஸ்ஸும் பைக்கும்தான் உங்கள் வாகனமா? அப்படியானால் வாருங்கள் என் செல்லப்பிள்ளையிடம்.

[திரையில்: பிவிசி குழாய், தோளில் வாருடன்]

சிரிக்காதீர்கள். பென்னாகரம் தாண்டி மலைப்பாதை வளைவில் யாருடைய அரிசி மூட்டை உங்கள் கோல்மேல் சரியும் என்று யாருக்குத் தெரியும்? துணிப்பை அதற்குத் தாங்காது. இது தாங்கும்.

இரண்டு துண்டாகக் கழலும் 7 அடிக் கோல், பாதியானால் ஏறத்தாழ 107 செ.மீ. குழாயை 115 செ.மீ. நீளத்துக்கு ஹேக்ஸா பிளேடால் அறுங்கள். அறுத்த விளிம்பில் சிலும்பு நிற்கும். உப்புத்தாளால் தேய்க்காவிட்டால் கோலின் வார்னிஷை அதுவே உரித்துவிடும். பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் சொட்டுநீர்ப் பாசனம் போட்ட தோட்டங்களில் மிச்சத் துண்டு கிடக்கும். ஆனால் வாங்குவதற்கு முன் கோலின் பெரிய வளையத்தை அளந்துகொள்ளுங்கள். 75 மி.மீ. குழாயில் ஒரு கோல் போகும். நண்பனுடைய கோலும் சேர்ந்து வந்தால் 110 மி.மீ. வேண்டும். அது காலியாக இருக்கும்போதே ஒரு கிலோவைத் தாண்டும்; உள்ளே போகிற கோலின் எடையோ பெரும்பாலும் 200 கிராமுக்குள்தான்!

அடிமூடியைச் சொல்யூஷன் போட்டு ஒட்டுங்கள், மேல்மூடி திருகு மரை வைத்ததாக இருக்கட்டும். இரண்டு முனையிலும் ஸ்பாஞ்ச். நுனித்துண்டைக் கைப்பிடித் துண்டோடு சேர்த்துத் துணி நாடாவால் கட்டி உள்ளே விடுங்கள். ரீல் தனியாக, பழைய காலுறைக்குள். பைக்கில் குறுக்காகக் கட்டவே கட்டாதீர்கள். எதிரே வருகிறவர் முழங்கால் உங்கள் தூண்டிலில் மாட்டும். "மோட்டார் ரிப்பேரா தம்பி?" என்று கண்டக்டர் கேட்டால் தலையாட்டிவிடுங்கள். குழாய்க்குள் விலையுயர்ந்த கோல் இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும்?

இந்த ஒரு யோசனைக்காகவாவது லைக் போடலாம், நியாயம்தானே?

வீட்டில் வைப்பதைப் பற்றிச் சுருக்கமாக. ஈரக் கோலைக் குழாயில் போட்டு மூடினால் வளையத்தின் உலோகச் சட்டம் துருப்பிடிக்கும், கார்க் கைப்பிடியில் பூஞ்சை பிடிக்கும். துடைத்து, நிழலில் ஒரு இரவு காயவிட்டுப் பிறகு மூடுங்கள். சுவரில் சாய்வாக நிறுத்தினால் கோல் மெல்ல வளைந்துபோகும், படுக்க வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் குழாயே நொறுங்கத் தொடங்கும்.

அணைகளில் மீன்பிடி உரிமை யாரிடம் என்று கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு தூண்டில் போடுங்கள்.

[திரையில்: வயல் வரப்பு, மேலே மின்கம்பி]

இது விளையாட்டில்லை. கார்பனில் மின்சாரம் பாயும். வண்டியை நிறுத்திய இடத்திலேயே கோலை முழு நீளத்துக்குப் பூட்டித் தோளில் நிமிர்த்திக்கொண்டு நடக்காதீர்கள். குழாய்க்குள்ளேயே கரை வரை கொண்டு போங்கள். தலைக்கு மேலே கம்பி இல்லை என்று பார்த்துவிட்டு, அங்கே பூட்டுங்கள்.