நடுவில் உட்கார்ந்திருப்பது யார்?

வணக்கம் மக்களே, எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே மலாய்க் கல்யாணம் நடக்கிறது, கொம்பாங் மேளச் சத்தம் இடையில் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ராத்திரி 'ஹிட்ச்காக்/த்ரூஃபோ' மறுபடி பார்த்தேன். கென்ட் ஜோன்ஸ் 2015-ல் எடுத்த ஆவணப்படம். 1962-ல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ ஹாலிவுட்டுக்குப் போய் ஒரு வாரம் த்ரில்லர் பட இயக்குநர் ஹிட்ச்காக்கோடு உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பேசினாரே, 1966-ல் புத்தகமாகவும் வந்ததே, அந்தக் கதை. எனக்குப் பிடித்த படம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமெண்டில் சண்டைக்கு வருவீர்கள்.

ஆனால் இந்த முறை விரல் விட்டு எண்ணினேன். பேச வருகிற இயக்குநர்கள் பத்துப் பேர், ஸ்கார்செஸி, ஃபின்ச்சர், லிங்க்லேட்டர் என்று பத்துமே ஆண்கள். ஆசியாவிலிருந்து கியோஷி குரோசாவா ஒருவர் மட்டும். சரி, இயக்குநரைப் பற்றி இயக்குநர்தான் பேச வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம், அப்போது பெண் இயக்குநர் அக்னெஸ் வர்தா உயிரோடுதானே இருந்தார்? த்ரூஃபோ படமெடுத்த அதே காலத்தில் அதே பாரிசில் படமெடுத்தவர்.

இது ஏன் உறுத்துகிறது என்றால், ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' படம் பற்றி நிறையப் பேசுகிறார்கள். செத்துப்போன காதலி மாதிரியே ஆக வேண்டும் என்று ஒருவன் இன்னொருத்தியைப் பிடித்து, உடையை மாற்று, முடி நிறத்தை மாற்று, கொண்டையையும் அப்படியே போடு என்று படுத்தி எடுப்பான். அதை ஆண்கள் மாற்றி மாற்றி விளக்குகிறார்கள், அழகாகவே விளக்குகிறார்கள், ஆனால் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் பக்கத்திலிருந்து. கொண்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாளே, அவள் பக்கம் யாரும் போகவில்லை.

அப்புறம் ஹெலன் ஸ்காட். த்ரூஃபோவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, அதனால் கேள்வியும் பதிலும் இந்த அம்மா வாய் வழியாகத்தான் போய் வந்தன. பழைய ஒலிநாடாவில் குரல் கேட்கிறது, போட்டோவில் ஆள் இருக்கிறார், ஆனால் அவரைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை.

மொழிபெயர்ப்பு என்றால் சும்மாவா? நான் பாட்டியைப் பாலிகிளினிக்குக் கூட்டிப் போகிறவன். போன மாதம் பாட்டி "கால் குடையுதுப்பா" என்றார். டாக்டரிடம் 'பெயின்' என்றேன், பாட்டிக்குக் கோபம். "வலி இல்லடா, குடைச்சல்!" அப்புறம் கையைக் காலை ஆட்டி, எலும்புக்குள்ளே யாரோ துளை போடுகிற மாதிரி, ராத்திரிதான் அதிகம் என்று நாலு வாக்கியம் சுற்றிச் சொன்னேன், டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து வேறு கேள்விகள் கேட்க ஆரம்பித்தார். ஒரு சொல்லுக்கே இந்தப் பாடு. ஹிட்ச்காக் முகத்தில் சிரிப்பே இல்லாமல் விடுகிற ஜோக்கை ஒரு வாரம் பிரெஞ்சுக்கு மாற்றிக்கொண்டிருந்தவர் என்ன பாடு பட்டிருப்பார்!

அந்தப் போட்டோ வந்ததும் நிறுத்தி வைத்தேன். பக்கத்தில் பாட்டி கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"நடுவுல யாருப்பா இந்தப் பொம்பள?"

"உங்களுக்கு நான் டாக்டர்கிட்ட செய்யுற வேலைதான் பாட்டி."

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுக்குச் சம்பளம் குடுத்தாங்களாமா?"