அந்த 3,000 டாலர்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு நாடகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆனால் முதலில் ஒரு கணக்கு. பேப்பர், பேனா தேட வேண்டாம், மனக்கணக்குதான். கையில் 10,000 டாலர் இருக்கிறது. அதில் 3,500 வீட்டுக்கு முன்பணம். 3,000 மகளின் டாக்டர் படிப்புக்கு. மிச்சம் 3,500 மகனுக்கு, அவன் இஷ்டம். வீடு, மகள், மகன். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான் இந்தக் கணக்குக்குத் திரும்பத் திரும்ப வருவேன்.

நாடகத்தின் பெயர் 'எ ரெய்சின் இன் த சன்'. வெயிலில் கிடக்கும் திராட்சை. தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் கனவு என்னதான் ஆகும், திராட்சை மாதிரி வற்றிப்போகுமா என்று லாங்ஸ்டன் ஹியூஸ் ஒரு கவிதையில் கேட்டார். பெயர் அங்கிருந்து வந்தது. எழுதியவர் லொரைன் ஹான்ஸ்பெரி. 1959 மார்ச் 11 அன்று நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறியபோது அவருக்கு வயது 28. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதி பிராட்வே மேடை ஏறிய முதல் நாடகம் அதுதான். இயக்கிய லாயிட் ரிச்சர்ட்ஸும் கறுப்பினத்தவர். 530 தடவை மேடையேறியது.

கதை நடப்பது சிகாகோவின் தெற்குப் பகுதியில், நெருக்கடியான ஒரு குடித்தனத்தில். ஐந்து பேர். கழிவறை வெளியே நடையில், பக்கத்து வீட்டுக்காரர்களோடு பொது. காலையில் யார் முதலில் உள்ளே போவது என்பதில்தான் நாடகமே தொடங்குகிறது. ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. பேரன் டிராவிஸ் கூடத்து சோபாவில் தூங்குகிறான். பெரியவர்கள் ராத்திரி பேசி முடித்தால்தான் பிள்ளைக்குத் தூக்கம்.

குடும்பத் தலைவர் இறந்துவிட்டார். அவருடைய இன்சூரன்ஸ் பணம் 10,000 டாலர் தபாலில் வரப்போகிறது. பணம் அம்மா லீனாவுடையது. மகன் வால்டர் ஒரு வெள்ளைக்காரருக்குக் கார் ஓட்டுகிறான், மதுக்கடை வைத்து முதலாளியாக வேண்டும் என்று துடிக்கிறான். மகள் பெனீத்தா கல்லூரியில் படிக்கிறாள், டாக்டராக வேண்டும். மருமகள் ரூத் வீட்டு வேலைக்குப் போகிறாள். அவளுக்கு என்ன கனவு என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

இந்த நாடகத்தைப் பல வருஷம் கல்லூரியில் பாடமாக நடத்தியிருக்கிறேன். ரொம்ப நாள் வால்டரின் கதையாகத்தான் நடத்தினேன். பிராட்வேயில் சிட்னி போய்ட்டியர் நடித்த பாத்திரம் அல்லவா, எல்லோரும் அவனைத்தான் பார்ப்பார்கள். ஏமாந்தான், விழுந்தான், எழுந்தான் என்று நானும் உருகி உருகிச் சொல்லுவேன். ஒரு வருஷம், கடைசி பெஞ்சில் ஒரு பெண். வகுப்பில் வாயே திறக்காதவள். நான் முடித்ததும் எழுந்து, "மேடம், அந்தத் தங்கச்சி காசு என்ன ஆச்சு?" என்றாள். எந்தக் காசு என்று நான் கேட்டேன். வெட்கம்தான், மறைப்பதற்கில்லை. "படிப்புக்கு வைச்ச 3,000 மேடம். அண்ணன் தொலைச்சானே, அதைப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலியே."

வீட்டுக்குப் போய் நாடகத்தை மறுபடி எடுத்தேன். அன்றிலிருந்து என்னால் வால்டரின் கதையாக அதைப் படிக்க முடியவில்லை.

அம்மா யாரையும் கேட்காமல் கிளைபோர்ன் பார்க் என்ற இடத்தில் ஒரு வீட்டுக்கு 3,500 முன்பணம் கட்டிவிடுகிறாள். வெள்ளையர்கள் மட்டுமே இருக்கும் பகுதி. ஏன் அங்கே? வீம்புக்காக இல்லை. ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் கறுப்பினத்தவருக்கென்று கட்டிய வீடுகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. கட்டுப்படியாகிற வீடு அங்கேதான் கிடைத்தது. ஏன் அவ்வளவு அவசரம்? அதற்குக் காரணம் ரூத். அவள் இரண்டாவது குழந்தை உண்டாகியிருக்கிறாள். இந்தச் சந்துக்குள் இன்னொரு பிள்ளையா என்று கலைக்க முடிவு செய்து, ஒரு பெண்ணிடம் ஐந்து டாலர் முன்பணமும் கொடுத்துவிட்டாள். மாமியார் அதைக் கண்டுபிடித்து மகனிடம் சொல்கிறாள். "வேண்டாம்" என்ற ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வராதா என்று காத்திருக்கிறாள். அவன் ஒன்றும் பேசாமல் வெளியே போய்விடுகிறான். அதற்குப் பிறகுதான் வீடு வாங்கப் போகிறாள். பார்த்தீர்களா, அங்கே ஒரு முன்பணம், இங்கே ஒரு முன்பணம். ஐந்து டாலருக்குப் பதில் சொல்லத்தான் 3,500 டாலர்.

என் கனவை அடித்து நொறுக்கிவிட்டாய் என்று மகன் குமுறுகிறான், குடிக்கிறான், மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. அம்மா மனம் இளகி மிச்சம் 6,500ஐ அவனிடமே கொடுக்கிறாள். கொடுக்கும்போது தெளிவாகச் சொல்லித்தான் கொடுக்கிறாள்: 3,000 தங்கையின் படிப்புக்கு வங்கியில் போடு, மற்றது உன் பொறுப்பு. இப்போது நம் கணக்குக்கு வாருங்கள். மகனுக்கு 3,500, மகளுக்கு 3,000. அந்தக் காலத்துத் தாய், அதிகம் படிக்காதவள், கிட்டத்தட்டச் சமமாகப் பிரித்திருக்கிறாள். ஆனால் மகளின் பங்கையும் மகன் கையில்தான் கொடுத்தாள். இருபது வயதுப் பெண், அவள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கச் சொல்லியிருக்கலாமே? அவன் முழுப் பணத்தையும் வில்லி ஹாரிஸ் என்ற கூட்டாளியிடம் கொடுக்கிறான். கூட்டாளி கம்பி நீட்டிவிட்டான்.

சரி, வெள்ளையர் பக்கம் வருவோம். கார்ல் லிண்ட்னர் என்று ஒருவர், குடியிருப்பு நலச் சங்கத்திலிருந்து வருகிறார். கத்துவதில்லை, திட்டுவதில்லை. நீங்கள் வராமல் இருந்தால், கொடுத்ததற்கு மேலேயே பணம் தருகிறோம் என்று பணிவாகப் பேசுகிறார்.

இது ஹான்ஸ்பெரி கற்பனையில் பிடித்த ஆள் இல்லை. அவருடைய அப்பா கார்ல் ஹான்ஸ்பெரி சிகாகோவில் வீட்டுமனைத் தொழில் செய்தவர். 1937இல் வெள்ளையர் பகுதியில் ஒரு வீடு வாங்கினார். கறுப்பினத்தவருக்கு விற்கமாட்டோம், வாடகைக்கும் விடமாட்டோம் என்று அங்கே வீட்டுக்காரர்கள் ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தார்கள். அப்பா வழக்காடினார். நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய் 1940 நவம்பரில் ஜெயித்தார். ஜெயித்ததும் ஒரு சட்ட நுணுக்கத்தில்தான். அந்த மாதிரி ஒப்பந்தங்களை நீதிமன்றம் அமல்படுத்தக் கூடாது என்ற தீர்ப்பு 1948இல், வேறொரு வழக்கில் வந்தது.

அதை விடுங்கள். எனக்குப் பிடித்தது வீட்டுக்குள் நடந்தது. வெளியே கூட்டம் கூடும். ஜன்னல் வழியாக ஒரு கல் பறந்து வந்து, சிறுமி லொரைன் மேல் படாமல் மயிரிழையில் தப்பியது. அப்பா வழக்குக்காக வாஷிங்டனில். அம்மா நானி என்ன செய்தார் தெரியுமா? குண்டு போட்ட ஜெர்மன் கைத்துப்பாக்கியோடு ராத்திரி முழுக்க வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து நான்கு பிள்ளைகளையும் காவல் காத்தார். பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் லொரைன் இதை எழுதும்போது, போராட்டத்தின் கௌரவமான பகுதி அப்பாவுடையது என்கிறார். அந்தக் 'கௌரவமான' என்ற சொல்லில் ஒரு கிண்டல் இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. அம்மா துப்பாக்கியோடு ராத்திரியில் நடந்த கதை இல்லை. நாடகத்தில் அம்மாவும் மருமகளும் மகளும் அவ்வளவு உயிரோடு இருப்பது எதனால் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ரூத்தையே எடுங்கள். பணம் போன பிறகு அம்மாவே வீடு வேண்டாம் என்று சோர்ந்துபோகிறாள். அப்போது ரூத் வெடிக்கிறாள். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டாவது இந்த நாட்டின் தரையெல்லாம் துடைக்கிறேன், ஆனால் இங்கிருந்து போய்த்தான் ஆக வேண்டும் என்கிறாள். அதுவரை முட்டை வறுத்துக்கொண்டும் துணி தேய்த்துக்கொண்டும் இருந்தவள். அந்த முட்டை பற்றியே தனியாகப் பேசலாம், புருஷன் கனவைச் சொல்வான், அவள் முட்டையைச் சாப்பிடு என்பாள்... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷமாம்.

அப்படியானால் பெனீத்தாவின் தலைமுடியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்குத்தான் நான் முக்கியமாகத் தயாரித்து வந்தேன்! நைஜீரிய மாணவன் அசகாய் அவளுடைய முடியைப் பார்த்துக் கேட்ட கேள்வியில், சுருளை நீட்டி நேராக்குவதை நிறுத்தி, இயல்பான சுருள்முடியோடு வருகிறாள். 1959 மேடையில் அந்தக் காட்சி வெட்டப்பட்டது, பின்னால்தான் சேர்த்தார்கள். அவளைச் சுற்றிவரும் பணக்கார ஜார்ஜ் அவளிடம், படிப்பது பட்டம் வாங்கத்தான், நிறைய யோசிக்காதே என்கிறான். அவனை அவள் வேண்டாம் என்றுவிட்டாள். அசகாயோ கல்யாணம் செய்து ஆப்பிரிக்கா வா என்கிறான். அவனுக்கும் அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

கடைசிக் காட்சி. வால்டர் மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லிண்ட்னரிடம் பணம் வேண்டாம், குடிவருகிறோம் என்கிறான். அருமையான இடம், நானும் ஒவ்வொரு தடவையும் கலங்குவேன். மூட்டை முடிச்சு இறங்குகிறது. பெனீத்தா, ஆப்பிரிக்கா போய் டாக்டராகப் போகிறேன் என்கிறாள். அண்ணன் என்ன சொல்கிறான் தெரியுமா? பேசாமல் பணக்காரன் ஒருத்தனைக் கட்டிக்கொள், அந்த ஜார்ஜையே கட்டிக்கொள் என்கிறான். அவள் அவன் மேல் பாய்கிறாள். சண்டை போட்டுக்கொண்டே இருவரும் படியிறங்குகிறார்கள், குரல் மட்டும் கேட்கிறது. அந்த 3,000 டாலரைப் பற்றி அண்ணன் அப்போதும் வாய் திறக்கவில்லை.

நேரம் முடிந்தது என்கிறார்கள். வணக்கம்.