மியூட்டில் படிக்கிற பட்டம்

(தலைப்பு: 'வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் பட்டம் படிப்பது பிழைப்புக்குப் பாதுகாப்பா, வீண் பாரமா?' 'பாதுகாப்பே' அணியின் உரை)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எட்டு நிமிடம்தான் கொடுத்திருக்கிறீர்கள். நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

எதிரணித் தம்பி ஒரு வரி சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள். "மியூட்டில் வாங்கின பட்டம் இன்டர்வியூவில் வாய் திறக்காது" என்றார். ராத்திரி பதினோரு மணிக்குப் பாட வீடியோவை ஓடவிட்டு, சத்தத்தை அணைத்துவிட்டுத் தூங்குகிற கூட்டம் என்றார். தம்பி, அந்த மியூட்டுக்குப் பதில் சொல்லாமல் இந்த மைக்கை நான் விடப்போவதில்லை.

திருப்பூருக்கு வாருங்கள். ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிற சகோதரி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 34. பிளஸ் டூவும், டேலி என்ற கணக்கு மென்பொருளும் படித்தவர். பத்து வருஷமாக பில், ஜிஎஸ்டி எல்லாம் அவர் கைதான். சீனியர் இடம் காலியானால், கல்லூரி முடித்து நேற்று வந்த பையனுக்குப் போகும். அவனுக்கு வேலை கற்றுக்கொடுப்பது இவர். ஆர்டர் குறைந்து ஆள் குறைக்கிற மாதம் வந்தால், லிஸ்டில் முதல் பெயரும் இவருடையது. சரி, வேறு இடம் பார்ப்போம் என்று விண்ணப்பித்தால், 'ஏதேனும் ஒரு பட்டம்' என்ற கட்டத்திலேயே கதவு சாத்திவிடும்.

ஆன்லைன் பி.காம். சேர முடிவு செய்கிறார். "அந்தப் பட்டம் செல்லாது" என்று எதிரணியில் முதலில் பேசியவர் சொன்னார். யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2020இல் போட்ட விதிமுறைகளின் 22ஆவது பிரிவு, அங்கீகாரம் பெற்ற இணையவழிப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்கிறது. அங்கீகாரம் பெற்ற என்ற சொல்லில்தான் சூட்சுமம். பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. யூஜிசியின் தொலைநிலைக் கல்வி இணையதளத்தில், அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேர்கிற அந்தப் பருவத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போன வருஷம் இருந்த அனுமதி இந்த வருஷம் இல்லாமல் போகலாம். பொறியியல், நர்சிங், சட்டம் ஆன்லைனில் தருகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். அவற்றுக்கு அனுமதியே கிடையாது. கட்டணத்துக்கு 'வட்டியில்லாத் தவணை' என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது உங்கள் பெயரில் ஒரு கடன். படிப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தலைவலி, இனிஷியல். சேர்க்கைக்கு டெப் ஐடி, அதாவது யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தருகிற எண் வேண்டும். அதற்கு முன்னால் ஏபிசி ஐடி, அதாவது படித்த க்ரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கிற கணக்கின் எண் வேண்டும். அது ஆதாரிலிருந்து பெயரை எடுக்கும். ஆதாரில் இனிஷியல் முன்னால், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் மூன்று ஆள்! இதைச் சேருவதற்கு முன்பே திருத்திவிட வேண்டும். பட்டம் வந்தபிறகு திருத்துவது அதைவிடப் பெரிய படிப்பு.

சேர்ந்துவிட்டார். இப்போது கணக்குப் போடுவோம். படிப்பின் அளவைக் க்ரெடிட் என்று எண்ணுகிறார்கள். ஒரு க்ரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு. ஒரு பருவத்துக்கு 20 க்ரெடிட் என்றால் 600 மணி. 26 வாரத்தில் பிரித்தால் வாரத்துக்கு 23 மணி நேரம். வேலை நாளில் விடியற்காலை ஒன்றரை மணி, ராத்திரி ஒரு மணி. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நேரம். மாசத்தில் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர் ஒன்று, 20ஆம் தேதிக்குள் 3பி என்று கம்பெனியின் ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த நாட்களில் புத்தகத்தைத் தொட முடியாது. அதனால் அசைன்மென்ட்டை முன்கூட்டியே முடித்து வைக்க வேண்டும்.

வைக்கவில்லை. என்ன ஆயிற்று தெரியுமா? கெடு ராத்திரி 11:59. எழுதியது 16 பக்கம். போனில் படம் பிடிக்கிறார், பக்கத்துக்கு 4 எம்பி. மொத்தம் 64 எம்பி. இணையதளம் 10 எம்பிதான் வாங்கும். மணி 11:40. ஏற்றுகிறார், திருப்பி அனுப்புகிறது. மறுபடி ஏற்றுகிறார், மறுபடி திருப்பி அனுப்புகிறது. 11:48. வைஃபை போய்விட்டது. கேளுங்கள் ஐயா, கரண்ட் போனால் வைஃபையும் போகும்! 11:52. போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளையாக மாற்றுகிறார். 64 எம்பி, 5 எம்பியாகச் சுருங்குகிறது. 11:57. 'சமர்ப்பிக்கப்பட்டது' என்று வந்ததும் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிறார். நாளைக்கு 'வரவில்லை' என்று சொன்னால் காட்ட வேண்டுமே!

தம்பி, ராத்திரி 11:57க்கு அந்தச் சகோதரி தூங்கவில்லை.

தேர்வுக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன மியூட், தேர்வில் கிடையாது. ஐஐடிகள் நடத்துகிற என்பிடெல் இணையவழிப் படிப்பா? அசைன்மென்ட்டுக்கு 25 மார்க், 75 மார்க்குக்கு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வீட்டிலிருந்தே எழுதுகிற தேர்வா? கேமராவைச் சுழற்றி அறை முழுக்கக் காட்ட வேண்டும், மைக் திறந்தே இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு குரல் கேட்டால் பதிவாகிவிடும். அதனால் தேர்வு முடிகிறவரை வீட்டுக்காரர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுகிறார். மாமியார் குக்கரை வைக்கிறதில்லை. விசில் சத்தம் கேட்டுவிடுமே! ஒரு தேர்வுக்காக ஒரு வீடே வாயை மூடிக்கொண்டு இருக்கிறது, நடுவர் அவர்களே.

பட்டம் வாங்கினால் வேலை போகவே போகாது என்று நான் சொல்ல மாட்டேன். கம்பெனி மூடினால் எல்லாருக்கும்தான் போகும். ஆனால் மறுநாள் காலையில் இன்னொரு கம்பெனியின் வாசலில், 'ஏதேனும் ஒரு பட்டம்' என்ற கட்டத்தில் அவர் டிக் போட முடியும். அவருக்கு வேண்டியது அந்த ஒரு டிக்.

இப்போது உங்கள் மியூட்டுக்கே வருகிறேன். ஆமாம் தம்பி, மியூட்டில்தான் படிக்கிறார்கள். ஏன் என்று கேட்டீர்களா? பத்துக்குப் பத்து அறை. பக்கத்துப் பாயில் குழந்தை தூங்குகிறது. ஹெட்போன் போட்டால் அது அழுவது காதில் விழாது. அதனால் சத்தத்தை அணைத்துவிட்டு, கீழே ஓடுகிற எழுத்தை ஒவ்வொரு வரியாக வாசிக்கிறாள் ஒரு தாய். புரியாத இடத்தில் நிறுத்துகிறாள். பின்னால் தள்ளுகிறாள். மறுபடி வாசிக்கிறாள்.

அந்த வீட்டில் மூத்தவள் ஆறாவது படிக்கிறாள். ஜூன் மாசம் தன் நோட்டுகளுக்கெல்லாம் அட்டை போட்டு லேபிள் ஒட்டுகிறாள். ஒரு லேபிள் மிஞ்சுகிறது. அதை அம்மாவின் நோட்டில் ஒட்டுகிறாள். பெயர் என்ற இடத்தில் அம்மா பெயரை எழுதுகிறாள். வகுப்பு? பி.காம். பள்ளி? கொஞ்ச நேரம் யோசிக்கிறாள். தங்கச்சியைத் தூங்க வைத்துக்கொண்டிருக்கிற அம்மாவைப் பார்க்கிறாள்.

'வீடு' என்று எழுதுகிறாள்.

நன்றி, வணக்கம்.