வண்டி நின்றதற்குப் பம்ப்தான் காரணமா? கார்புரேட்டர் மாருதி 800இல் வீட்டிலேயே கண்டறியும் முறை

[திரையில்: பானெட் திறந்த பழைய மாருதி 800. கேமரா பம்பை நெருங்குகிறது.]

வணக்கம். ஓடிக்கொண்டிருந்த பழைய கார் இழுவை குறைந்து, குலுங்கி நின்றுவிட்டால், பலரும் முதலில் சந்தேகப்படுவது பெட்ரோல் பம்பைத்தான். புதிய பம்ப் மாட்டிய பிறகும் அதே கோளாறு தொடரும்போதுதான், டேங்க் மூடியோ விரிசல் விட்ட ஒரு ரப்பர் குழாயோ காரணமாக இருந்தது தெரியவருகிறது. ஆகவே பம்பைக் கழற்றும் முன், பழுது உண்மையில் அதில்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்யும் முறையை இந்த வீடியோவில் பார்க்கலாம். நாம் எடுத்துக்கொண்டிருப்பது 796 சிசி எஞ்சினும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டரும் கொண்ட பழைய மாருதி 800. பிரீமியர் பத்மினி போன்ற வண்டிகளுக்கும் இந்த முறை பெரும்பாலும் பொருந்தும்.

எரிபொருளைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். அவற்றில் மின்சாரப் பம்ப் டேங்குக்குள் இருக்கும். எஞ்சின் நின்ற பிறகும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும்.

கார்புரேட்டர் வண்டியின் பம்புக்கு மின்சாரம் தேவையில்லை. எஞ்சினின் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் சுழலும்போது அதிலுள்ள மேடு ஒரு நெம்புகோலைத் தள்ளுகிறது. நெம்புகோல் டயாஃப்ரம் என்னும் சவ்வை இழுக்கும்போது டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. பிறகு ஸ்பிரிங் அந்தச் சவ்வைத் திருப்பித் தள்ள, பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகிறது. உள்ளே வர ஒரு வால்வு, வெளியே போக ஒரு வால்வு. கெட்டுப்போகக்கூடியவை இவ்வளவுதான். உதிரிபாகக் கடையில் இதை 'ஏசி பம்ப்' என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள்; குளிர்சாதன ஏசிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு சொல். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; அது மேலே கலைந்து போகாமல் தரையோடு பரவி, சற்றுத் தள்ளியிருக்கும் அடுப்பையோ விளக்கையோகூட எட்டிவிடும். அதனால் மூடிய கார் ஷெட்டில் செய்யாமல், திறந்த வெளியில், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு செய்யுங்கள். உலர்பொடித் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும்.

[திரையில்: டிப்ஸ்டிக் வெளியே எடுக்கப்படுகிறது.]

முதலில் எஞ்சின் ஆயிலின் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாடை வீசி, அளவும் முன்பைவிடக் கூடியிருந்தால், டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலுக்குள் இறங்கியிருக்கக்கூடும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தைக் கட்டுப்படுத்தும் மிதவை வால்வு ஒழுகினாலும் இப்படி நேரலாம். எதுவாக இருந்தாலும் எஞ்சினை ஓட்டாதீர்கள். நீர்த்துப்போன ஆயிலால் பேரிங்குகளைக் காக்க முடியாது. பழுதைச் சரிசெய்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் பெட்ரோல் கசிந்தாலும் டயாஃப்ரம் போய்விட்டது என்றுதான் பொருள்.

ஆயில் சுத்தமாக இருந்தால், டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று 'உஸ்' என்று உள்ளே இழுக்கப்பட்டால் காற்றுவழி அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய டேங்கில் வெற்றிடம் உருவாகி, நல்ல பம்பாலும் உறிஞ்ச முடியாமல் போகும். சிறிது தூரம் நன்றாக ஓடி, நின்று, சற்று நேரம் கழித்து மீண்டும் ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் இதை முதலில் சந்தேகிப்பது நல்லது.

அடுத்து, ஏர் கிளீனரைக் கழற்றி, எஞ்சின் நின்றிருக்கும்போதே ஆக்சிலரேட்டர் இணைப்பைக் கையால் இழுத்து, கார்புரேட்டரின் வாயைப் பாருங்கள். பெட்ரோல் மெல்லிய கோடாகப் பீய்ச்சினால், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. அப்படியும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் பெரும்பாலும் தீப்பொறி தரும் இக்னிஷன் பக்கம்தான் பார்க்க வேண்டும். ஒன்றும் வராவிட்டால் கிண்ணம் வறண்டிருக்கலாம்.

[திரையில்: இக்னிஷன் காயிலின் மெல்லிய வயர் கழற்றப்படுகிறது.]

இனி முக்கியமான சோதனை. தீப்பொறிக்கான மின்சாரத்தை உருவாக்கும் இக்னிஷன் காயிலுக்கு மின்சாரம் வரும் மெல்லிய வயரைக் கழற்றி, அதன் முனையை எதிலும் படாதபடி ஒதுக்கிவிடுங்கள். தடிமனான பிளக் வயரை மட்டும் உருவினால் போதாது, தொங்கும் முனையிலிருந்து தீப்பொறி பறக்கும். பிறகு பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயை கார்புரேட்டர் முனையில் கழற்றி, ஒரு பாட்டிலுக்குள் ஆழமாக விட்டுப் பிடியுங்கள். மற்றொருவர் சில விநாடிகள் செல்ஃப் அடிக்கட்டும். பெட்ரோல் துடிப்புத் துடிப்பாக, வலுவாகப் பீய்ச்ச வேண்டும்.

வலுவாக வந்தால் பம்பை விட்டுவிடுங்கள். கார்புரேட்டரின் மிதவை வால்வோ, பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட்டோ அடைத்திருக்கலாம். வராவிட்டாலோ குமிழியோடு விட்டுவிட்டு வந்தாலோ, பம்பின் உள்வழிக் குழாயைக் கழற்றி, அது பொருந்தியிருந்த பம்பின் வாயை விரலால் மூடி மீண்டும் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். விரல் தெளிவாக இழுக்கப்பட்டால், பெரும்பாலும் கோளாறு டேங்குக்கும் பம்புக்கும் இடையே இருக்கிறது. ஃபில்டர் அடைப்பு, தளர்ந்த கிளிப், விரிசல் விட்ட குழாய் என்று வரிசையாகப் பாருங்கள். உறிஞ்சும் பக்கத்து விரிசலில் பெட்ரோல் கசியாமலேயே இருக்கக்கூடும். காற்று மட்டும் உள்ளே போகும். குழாய்களை வளைத்துப் பார்த்தால்தான் அது கண்ணில் படும்.

இந்தக் குழாய்களைப் பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு. 2023 முதல் படிப்படியாக வந்திருக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், இந்த வண்டிகள் தயாரான காலத்து ரப்பருக்கு ஏற்றதன்று. எத்தனால் ஈரத்தையும் ஈர்ப்பதால், நெடுநாள் நிற்கும் வண்டியின் டேங்கில் துரு பிடித்து ஃபில்டரை அடைக்கும். குழாயோ பம்போ வாங்கும்போது எத்தனாலைத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

கோடையில் நெரிசலில் மட்டும் நின்று, ஆறியதும் ஓடும் வண்டியில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிக்கொண்டிருக்கலாம். அந்தக் காலத்து டாக்சி ஓட்டுநர்கள் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றியது இதற்காகத்தான். குழாய் சூடான உலோகத்தைத் தொடாதபடி செய்வதே நிலையான தீர்வு.

விரலில் இழுப்பே இல்லையென்றால் பம்பை மாற்றத்தான் வேண்டும். பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையே தடித்த வெப்பத்தடுப்புத் துண்டு இருந்தால், அதை அப்படியே திரும்பப் பொருத்துங்கள். அதன் தடிமன் மாறினால் நெம்புகோலின் வீச்சும் மாறிவிடும். இணைப்பில் கசிவைத் தடுக்கும் பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்து, புதியதை வைத்து, போல்ட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பம்ப் சரியாக அமராவிட்டால் அழுத்தாமல், கேம் மேடு விலகும்வரை எஞ்சினைக் கையால் சற்றுத் திருப்புங்கள்.

எல்லாக் குழாய்களையும் மாட்டி, சிந்திய பெட்ரோல் முழுவதும் உலர்ந்த பிறகு காயில் வயரைச் சேர்த்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஒவ்வோர் இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சில நாள் ஓட்டிய பின் டிப்ஸ்டிக்கை மீண்டும் ஒருமுறை எடுத்து முகர்ந்து பாருங்கள்.